உதைத்தும் ஸ்ரார்ட் ஆகாத பழைய ஸ்கூட்டர்: கோளாறு பிளக்கிலா, பொயின்றிலா, வயரிலா?

காலை ஐந்தரை மணிக்கு எங்கள் ஒழுங்கையில் கேட்கும் முதற்சத்தம் வழக்கமாகக் கோவில் மணிதான். கடந்த சில மாதங்களாக அதற்கு முன்னரே இன்னொரு சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. அயல்வீட்டு மாஸ்ரர் தன்னுடைய ஸ்கூட்டரின் கிக்கரை உதைக்கும் சத்தம் அது. பத்து, இருபது, முப்பது உதை. பிறகு கொஞ்ச நேரம் மௌனம். பிறகு மீண்டும் உதை.

மாஸ்ரர் ஓய்வுபெற்று நீண்ட காலமாகிவிட்டது. 1980களில் வாங்கிய பஜாஜ் ஸ்கூட்டர். அதில்தான் பாடசாலைக்குப் போய்வந்தார். பெற்றோல் கிடைக்காத காலத்தில் சாக்குப் போட்டு மூடி மாட்டுக்கொட்டிலின் ஓரத்தில் நிறுத்தி வைத்திருந்தார். இன்றைக்கு அது மனைவியைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகும் வாகனம். நேரத்துக்குப் போனால்தான் முன்னுக்கு நம்பர் கிடைக்கும். ஸ்கூட்டர் ஸ்ரார்ட் ஆகாத நாளில் ஓட்டோவுக்குக் கொடுக்கும் காசு, ஓய்வூதியத்தில் வாழும் ஒருவருக்குச் சின்னக் காசல்ல.

நான்கு மாதத்துக்குள் அவர் புதிய பிளக் போட்டார், கொண்டென்சர் மாற்றினார், கடைசியில் இக்னிஷன் கொயிலையும் மாற்றினார். ஒவ்வொரு முறையும் கராஜில் ஒரே உதையில் ஸ்ரார்ட் ஆகியது. ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நாட்களுக்குள் பழைய நிலைக்குத் திரும்பியது. "வித்துப்போட்டு விடுங்கோ" என்று பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து சொன்னார்கள். விற்றால் வேறொன்று வாங்கவேண்டும். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இன் தொடக்கத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பாவித்த மோட்டார் சைக்கிள்களின் விலைகூட எட்டாத உயரத்துக்குப் போனதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

மாஸ்ரரின் ஸ்கூட்டருக்கு உண்மையில் என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னர், இந்தப் பழைய வெஸ்பா, பஜாஜ், லம்பிரெட்டா வகை ஸ்கூட்டர்களில் நெருப்பு எங்கிருந்து பிறக்கிறது, எங்கெங்கே அது தொலைந்துபோகிறது என்று பார்ப்போம். வரிசை தெரிந்தால் இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவற்றை ஒரு சைக்கிள் ஸ்பனர் பையோடு வீட்டு முற்றத்திலேயே கண்டுபிடிக்கலாம். வரிசை தெரியாவிட்டால் நல்ல பாகங்களைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிய பாகங்களை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

சைக்கிள் டைனமோவின் அண்ணன்

இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் 1946இல் வெஸ்பாவை வெளியிட்டது. அதை வடிவமைத்தவர் கொராடினோ டஸ்கானியோ என்ற விமானப் பொறியியலாளர். இந்தியாவின் பஜாஜ் நிறுவனம் 1960களில் பியாஜியோவின் அனுமதியோடு அதே ஸ்கூட்டரைத் தயாரித்தது. அந்த உடன்பாடு முடிந்த பின்னர் 1972இல் சேத்தக் என்ற பெயரில் சொந்தமாக வெளியிட்டது. ஆகவே எங்கள் ஊர்களில் ஓடிய பஜாஜ் ஸ்கூட்டர்களின் எஞ்சின் வேலைப்பாடு அடிப்படையில் வெஸ்பாவினுடையதுதான்.

இந்த எஞ்சின்களின் பெரிய சிறப்பு, நெருப்புக்குப் பற்றரி தேவையில்லை என்பது. போர்க்காலத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறைக்கு இதை விளக்குவது சுலபம். காந்தம் சுழலும்போது பக்கத்தில் உள்ள செப்புக் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. ஸ்கூட்டரில் அந்தக் காந்தம் எஞ்சினின் வலப்பக்கத்தில் விசிறிச் சிறகுகளோடு சுழலும் பிளைவீலுக்குள் பதிக்கப்பட்டிருக்கிறது. அதைத்தான் கராஜ்காரர் 'மக்னற்' என்கிறார்கள். பிளைவீலுக்கு உள்ளே அசையாமல் இருக்கும் தட்டில் மூன்று முக்கியமான பொருட்கள் இருக்கின்றன: மின்சாரம் தரும் சுருள், பொயின்ற், கொண்டென்சர்.

சுருளில் பிறக்கும் மின்சாரம் மிகச் சிறியது. அதை வைத்துப் பிளக்கில் பொறி தட்ட முடியாது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரத்தைச் சடுதியாக அறுத்தால், இக்னிஷன் கொயிலில் பல ஆயிரம் வோல்ற்று ஒரு கணத்துக்குத் தோன்றும். அந்த அறுக்கும் வேலையைச் செய்வதுதான் பொயின்ற். பிளைவீலின் நடுவில் உள்ள மேடு வந்து தள்ளும்போது அதன் இரண்டு உலோக முனைகளும் விலகுகின்றன. விலகும் அந்தக் கணத்தில்தான் பிளக்கில் பொறி.

முனைகள் விலகும்போது அவற்றுக்கிடையிலேயே பொறி பாய்ந்துவிடாமல் தடுப்பது கொண்டென்சர். அது இல்லாவிட்டால் மின்சாரம் சடுதியாக அறாது; பிளக்குக்குப் போகவேண்டிய பலம் பொயின்றிலேயே எரிந்து முடிந்துவிடும்.

இவை இரண்டு ஸ்ரோக் எஞ்சின்கள். கிராங் ஒருமுறை சுற்றும்போதெல்லாம் ஒரு பொறி வேண்டும். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் விநாடிக்கு 50 தடவை அந்தச் சின்ன முனைகள் திறந்து மூடவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து சாவகச்சேரி வரைக்கும் ஒரு பயணம் போய்வருவதற்குள் அது எத்தனை தடவை என்று கணக்குப் போட்டால், அந்தப் பாகத்துக்கு ஏன் இவ்வளவு கவனிப்பு வேண்டும் என்பது விளங்கும்.

முதலில் பிளக்கைக் கேளுங்கள்

எஞ்சின் ஓடுவதற்கு மூன்று விடயங்கள் வேண்டும்: எரிபொருளும் காற்றும் சரியான அளவில் உள்ளே போகவேண்டும், பிஸ்ரன் அதை அழுத்த வேண்டும், உரிய நேரத்தில் பொறி தட்டவேண்டும். எது இல்லை என்பதைக் கண்டுபிடிக்காமல் கையில் ஸ்பனரை எடுக்கக் கூடாது.

பத்து உதை உதைத்தும் ஸ்ரார்ட் ஆகவில்லையென்றால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை காய்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை. டப் திறந்திருக்கிறதா, தாங்கி மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறதா, காபரேற்றருக்குள் தூசா என்று அந்தப் பக்கம் போகவேண்டும். முனை பெற்றோலில் நனைந்து மணக்கிறதென்றால், எரிபொருள் வந்திருக்கிறது, பற்றவில்லை. அப்போதுதான் இக்னிஷனைச் சந்தேகிக்கலாம்.

ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் பிளக் வேறு கதைகளும் சொல்லும். மண்ணிறமாக இருந்தால் எல்லாம் சரி. கறுத்து எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் ஒயில் கூடிவிட்டது, அல்லது பொறி பலவீனம். வெள்ளையாக வெளிறி இருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. அதற்குக் காற்றுக் கசிவோ நேரம் தப்பிய பொறியோ காரணமாக இருக்கலாம்.

இந்தப் பிளக் வாசிப்பு எங்கள் ஊர் மெக்கானிக்மாருக்கு மற்ற எவரையும்விட நன்றாகத் தெரியும். 1990இலிருந்து பொருளாதாரத் தடைக்குள் பெற்றோல் இல்லாமற்போனபோது, சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடின வாகனங்கள். மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. அரைகுறையாக எரிந்து பிளக்கில் கரியைப் படியவைக்கும். கரி மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே பொறி இடைவெளியைத் தாண்டாமல் கரி வழியாகவே ஒழுகிப்போய்விடும். மேற்சட்டைப் பையில் பேனையோடு ஒரு பிளக்கையும் வைத்துக்கொண்டு திரிந்தவர்கள் அன்று பலர். கரியைச் சுரண்டி, பெற்றோலில் கழுவி, அடுப்பில் சூடாக்கிப் போட்ட அந்தப் பழக்கம் பஞ்சத்தில் பிறந்தது. ஆனால் அதற்குள் இருந்த அறிவு இன்றைக்கும் செல்லும்.

புதிய பிளக் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பழைய வெஸ்பா, பஜாஜ் எஞ்சின்களுக்கு 14 மில்லிமீற்றர் விட்டமும் 12.7 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட குட்டைப் புரி பிளக்தான் வரும். கடைக்காரர் எடுத்துத் தரும் நீளமான பிளக்கும் அதே துளையில் பூட்டுப்படும். ஆனால் உள்ளே அதன் முனை பிஸ்ரனில் இடிக்கக்கூடும். பழைய பிளக்கைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். இடைவெளி ஏறத்தாழ 0.6 மில்லிமீற்றர் இருக்கவேண்டும்.

பொறி பார்க்கும் முறை

கழற்றிய பிளக்கை மூடிக்குள் மாட்டி, அதன் உலோக உடலை எஞ்சினின் வெறும் உலோகத்தில் நன்றாக முட்டவைத்து, கிக்கரை உதைத்துப் பாருங்கள். நிழலான இடத்தில் செய்தால் தெளிவாகத் தெரியும். நீலமும் வெள்ளையுமாக, 'சடக்' என்ற சத்தத்தோடு பாய்ந்தால் பொறி நல்லது. மஞ்சளாக, மெலிதாக, சில உதைக்கு வந்து சில உதைக்கு வராமல் இருந்தால் பலவீனம். எதுவுமே இல்லையென்றால் நெருப்பு எங்கோ அறுந்துவிட்டது.

இங்கே இரண்டு விடயத்தில் கவனம் வேண்டும். பிளக் துளையிலிருந்து பெற்றோல் ஆவி வெளியே பீறும். ஆகவே பொறி பார்க்கும் பிளக்கைத் துளைக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. பெற்றோல் சிந்தியிருந்தால் முதலில் துடையுங்கள். இரண்டாவது, பிளக்கை வெறுங்கையால் பிடிக்காதீர்கள். பற்றரி இல்லாத ஸ்கூட்டர்தானே என்று நினைத்துப் பிடித்தவர்கள் இரண்டாம் முறை பிடிப்பதில்லை.

வெளியில் நல்ல பொறி தெரிந்தும் ஸ்ரார்ட் ஆகவில்லையென்றால் ஒன்றை நினைவில் வையுங்கள்: காற்றில் தட்டும் பொறியைவிட, சிலிண்டருக்குள் அழுத்தத்தின் கீழ் பொறி தட்ட அதிக வோல்ற்று தேவை. வெளியே மஞ்சளாகத் தட்டும் பலவீனமான பொறி, உள்ளே தட்டாமலே போகலாம்.

வெளியிலிருந்து உள்ளே

பொறி இல்லையென்றவுடன் பிளைவீலைக் கழற்ற ஓடுவதுதான் பெரும்பாலானோர் விடும் பிழை. கழற்றச் சுலபமானதும் காசு செலவில்லாததும் முதலில் பார்க்கப்பட வேண்டும்.

முதலாவது, நல்லது என்று தெரிந்த இன்னொரு பிளக். புதிய பிளக்கும் பழுதாக இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டாவது, பிளக் மூடி. தடித்த வயரின் நுனியில் அது திருகிப் பூட்டப்பட்டிருக்கும். காலம் போக அந்த நுனியில் உள்ள செப்பு நரம்புகள் பச்சை பிடித்து உக்கிவிடும். மூடியைக் கழற்றி, வயரின் நுனியில் அரை சென்ரிமீற்றர் வெட்டிவிட்டு, மீண்டும் இறுக்கிப் பாருங்கள். மூடியே இல்லாமல், வயரின் நுனியை எஞ்சின் உலோகத்திலிருந்து நாலைந்து மில்லிமீற்றர் தூரத்தில் காய்ந்த தடியால் பிடித்து உதைத்தும் சோதிக்கலாம். அப்போது பொறி பாய்ந்தால் குற்றவாளி மூடிதான்.

மூன்றாவது, பலரும் தவறவிடும் சோதனை. ஸ்கூட்டரை நிறுத்த நாம் ஒரு சுவிச்சை அழுத்துகிறோம், அல்லது சாவியைத் திருப்புகிறோம். பற்றரி இல்லாத இக்னிஷனில் அந்தச் சுவிச் செய்வது மின்சாரத்தை 'அறுப்பது' அல்ல. அதை உடலோடு 'சேர்த்து' வீணாக்குவது. ஆகவே சுவிச்சுக்குப் போகும் வயர் வழியில் எங்காவது தோல் உரிந்து உடலில் முட்டினால், எவரோ நிறுத்தும் சுவிச்சை எந்நேரமும் அழுத்திக்கொண்டிருப்பதற்குச் சமம். எஞ்சினில் உள்ள சின்ன வயர்ப் பெட்டியைத் திறந்து, அந்த நிறுத்தும் வயரை மட்டும் கழற்றிவிட்டு உதைத்துப் பாருங்கள். பொறி வந்துவிட்டால் எஞ்சினுக்குள் எந்தக் கோளாறும் இல்லை. பழுது உடலுக்குள் ஓடும் வயரிலோ சுவிச்சிலோ இருக்கிறது. இந்தச் சோதனைக்குத் தேவையானது ஒரு ஸ்குரூட்ரைவரும் ஐந்து நிமிடமும்தான். ஆனால் சில பழைய மொடல்கள் பற்றரி இக்னிஷன் கொண்டவை. அவற்றில் வயரைக் கழற்றினால் இருக்கும் பொறியும் போய்விடும். உங்களுடையது எது என்று முதலில் உறுதிப்படுத்துங்கள்.

நான்காவது, பிளைவீலுக்குள்ளிருந்து வெளியே வரும் வயர்கள். எஞ்சின் சூட்டிலும் ஒயிலிலும் பல வருடம் ஊறிய அவற்றின் உறை பிஸ்கற்போல நொருங்கிவிடும். விரலால் மெதுவாக வளைத்துப் பார்த்தாலே தெரியும். உறை வெடித்த வயர் நிற்கும்போது நல்லதாகவும், எஞ்சின் அதிரும்போது பழுதாகவும் இருக்கும். ரேப் சுற்றி ஒப்பேற்றாமல், சூடு தாங்கும் புதிய வயரைப் பற்றவைத்து விடுவதே நிரந்தரத் தீர்வு.

பொயின்ற்: ஒரு மயிரிழைக் கணக்கு

இவை எல்லாம் சரியென்றால்தான் பிளைவீலுக்குள் போகவேண்டும். நல்ல காலமாக, பிளைவீலைக் கழற்றாமலே அதில் உள்ள துளை வழியாகப் பொயின்றைப் பார்க்கலாம்.

முனைகள் சாம்பல் நிறமாக, மட்டமாக இருக்கவேண்டும். கறுத்தோ, ஒரு பக்கத்தில் குழியும் மறுபக்கத்தில் மேடுமாகவோ இருந்தால் மின்சாரம் சரியாகப் பாயாது. சிறிய கறுப்பை மெல்லிய அரத்தாளால் தேய்த்து, பிறகு பெற்றோலில் நனைத்த சுத்தமான மட்டையை முனைகளுக்கிடையில் விட்டு இழுத்துத் துடைக்கலாம். அரத்தாளின் துகள் ஒன்று சிக்கியிருந்தாலே பொறி வராது. குழி ஆழமென்றால் புதிய பொயின்ற்தான். புதிய பொயின்றின் முனையிலும் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய ஒயில் இருக்கும். அதைத் துடைக்காமல் பூட்டிவிட்டு 'புதுசு போட்டும் சரிவரேல்லை' என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு.

அடுத்தது இடைவெளி. பிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றி, முனைகள் ஆகக் கூடுதலாக விலகி நிற்கும் இடத்தில் நிறுத்தி, பீலர் கேஜ் விட்டு அளக்க வேண்டும். இந்த எஞ்சின்களுக்கு 0.3 முதல் 0.5 மில்லிமீற்றர் வரை சொல்லப்படும், நடுவில் 0.4 வைப்பது வழக்கம்.

இந்த இடைவெளி தானாகவே குறைந்துகொண்டு வரும் என்பதுதான் கவனிக்க வேண்டிய விடயம். பிளைவீலின் மேட்டில் உரசும் பொயின்றின் நார்க்கட்டை தேயத் தேய முனைகள் குறைவாக விலகும், பிந்தி விலகும். பிந்தி விலகினால் பொறி பிந்தும். ஸ்கூட்டரின் இழுவை குறையும், சூடு கூடும். அதைத் தடுக்கத்தான் அந்த மேட்டைத் தொட்டபடி ஒரு சிறு கம்பளித் துண்டு வைக்கப்பட்டிருக்கிறது. அதில் ஒரு துளி ஒயில் இருந்தால் தேய்மானம் குறையும். ஒரு துளிக்கு மேல் விட்டால் அது தெறித்துப் பொயின்றில் படும்; அப்போது அதுவே நோயாகிவிடும்.

பொயின்ற் அடிக்கடி ஒயிலில் நனைகிறதென்றால் கிராங்கின் வலப்பக்க சீல் போய்விட்டது என்று அர்த்தம். அதை மாற்றாமல் பொயின்றைத் துடைத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. அதே சீல் வழியாகக் காற்றும் உள்ளே போகும், பெற்றோல் கலவை மெலியும், பிஸ்ரன் சூடாகி இறுகும் அபாயமும் உண்டு.

கொண்டென்சரும் கொயிலும்

எஞ்சின் ஓடும்போது பிளைவீல் துளை வழியாகப் பாருங்கள். பொயின்றில் சிறு பொறி தெரிவது இயல்பு. நீலமாகப் பெரிதாகத் தொடர்ந்து எரிந்தால் கொண்டென்சர் பழுது. புதிய பொயின்ற் சில நாட்களிலேயே கருகுவதும் அதே அடையாளம்.

இன்னொரு நோய் எல்லாரையும் குழப்பும். காலையில் ஒரு உதையில் ஸ்ரார்ட் ஆகும், பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடும், பிறகு நின்றுவிடும். அரை மணித்தியாலம் நிழலில் விட்டால் மீண்டும் ஒன்றும் நடக்காததுபோல ஓடும். இது பெரும்பாலும் கொண்டென்சர் அல்லது கொயில். சூட்டில் உள்ளிருக்கும் காப்புப் படலம் கசியத் தொடங்குகிறது. குளிர்ந்த நிலையில் கராஜில் சோதித்தால் எல்லாம் சரியாகவே காட்டும். ஆகவே நின்ற இடத்திலேயே, சூடு ஆறுவதற்கு முன்னர் பிளக்கைக் கழற்றிப் பொறி பார்க்கவேண்டும். பிளக் ஸ்பனரைப் பெட்டிக்குள் வைத்திருக்க வேண்டியதன் காரணம் இதுதான். சூட்டோடு பார்த்தபோது பொறி நல்லதென்றால், தாங்கி மூடியின் துளையையும் காபரேற்றரையும் பாருங்கள்.

உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும் கொண்டென்சர்களின் தரம் ஒரேமாதிரி இல்லை. பெட்டியிலிருந்து எடுத்ததே பழுதாக இருப்பதும் உண்டு. சில மெக்கானிக்மார் கொண்டென்சரைப் பிளைவீலுக்கு வெளியே, சூடு குறைந்த இடத்தில் பூட்டிவிடுவார்கள். பொயின்றின் வயருக்கும் உடலுக்கும் இடையில் அது இணைந்திருந்தால் போதும், வேலை செய்யும். அடுத்தமுறை மாற்றப் பிளைவீல் கழற்றவும் தேவையில்லை. ஆனால் உள்ளே இருக்கும் பழையதைக் கழற்றிவிட வேண்டும். அது உள்ளுக்குள் முட்டிப்போயிருந்தால் வெளியில் எத்தனை புதிது போட்டாலும் பொறி வராது.

நேரம் தப்பிய பொறி

பொறி நல்லது, பெற்றோல் வருகிறது, ஆனால் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கிறது, அல்லது சைலன்சருக்குள் வெடிக்கிறது என்றால், பொறி தட்டும் நேரம் பிழை. பிஸ்ரன் உச்சிக்கு வருவதற்கு எத்தனை பாகை முன்னர் பொறி தட்டவேண்டும் என்பது மொடலுக்கு மொடல் வேறுபடும். உங்கள் ஸ்கூட்டரின் கைந்நூலில் உள்ளதையே பின்பற்றுங்கள்.

பழைய மெக்கானிக்மார் மீற்றர் எதுவும் இல்லாமல் இதைப் பார்த்தார்கள். சிகரட் பெட்டியைச் சுற்றியிருக்கும் மெல்லிய கண்ணாடித்தாளைப் பொயின்றின் முனைகளுக்கிடையில் வைத்து, மெதுவாக இழுத்தபடி பிளைவீலைச் சுற்றுவார்கள். தாள் விடுபடும் கணமே முனைகள் திறக்கும் கணம். அந்த நேரத்தில் பிளைவீலின் குறி, உடலில் உள்ள குறியோடு ஒத்துவர வேண்டும். ஒத்துவராவிட்டால் உள்ளே உள்ள தட்டின் மூன்று ஆணிகளையும் தளர்த்தித் தட்டைச் சிறிது திருப்பவேண்டும். பிளைவீல் சுழலும் திசைக்கு எதிராகத் திருப்பினால் பொறி முந்தும். அதே திசையில் திருப்பினால் பிந்தும். இடைவெளியை மாற்றினால் நேரமும் மாறும். ஆகவே முதலில் இடைவெளி, பிறகுதான் நேரம்.

நேற்று வரை நன்றாக ஓடிய ஸ்கூட்டரில் நேரம் திடீரென்று தப்பினால், பிளைவீலைக் கிராங்கில் சரியான இடத்தில் நிறுத்தும் அரைவட்டச் சாவி வெட்டுப்பட்டிருக்கலாம். மத்திய நட்டு இறுக்கம் தளர்ந்தால் இது நடக்கும். பிளைவீலைக் கழற்றும்போது ஒருபோதும் சுத்தியலால் அடிக்காதீர்கள். கிராங் வளையும், சிறகு உடையும், காந்தமும் பலவீனப்படும். உரிய புல்லர் இல்லாவிட்டால், அது உள்ள கராஜுக்குக் கொண்டுபோவதே இலாபம்.

இந்தத் தொல்லைகள் வேண்டாமென்று பொயின்றைத் தூக்கிவிட்டு மின்னணு இக்னிஷன் பூட்டுபவர்களும் இருக்கிறார்கள். தேய்வதற்கு அதில் ஒன்றுமில்லை, பொறியும் பலமானது. ஆனால் அந்தச் சின்னப் பெட்டி பழுதானால் வீதியோரத்தில் அரத்தாளை வைத்துத் திருத்த முடியாது. மாங்குளத்தில் நின்றுவிட்டால் இன்னொரு பெட்டி கிடைக்கும்வரை நிற்கவேண்டியதுதான். தூரப் பயணம் போகிறவர் ஒரு பெட்டியைக் கூடுதலாக வைத்திருப்பது நல்லது.

மாஸ்ரரின் ஸ்கூட்டர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்ரரின் முற்றத்தில் இந்த வரிசையில்தான் தொடங்கினோம். பிளக் நனைந்திருந்தது. பொறி இல்லை. மூடியைக் கழற்றியும் பொறி இல்லை. நிறுத்தும் வயரைக் கழற்றினோம். முதல் உதையிலேயே நீலப் பொறி.

அப்படியென்றால் எஞ்சின் சுகம். அந்த வயர் போகும் வழி முழுவதும் பார்த்துக்கொண்டு போனோம். மல்ரிமீற்றரின் ஒரு முனையை வயரிலும் மறு முனையை உடலிலும் வைத்தோம். சத்தம் வந்தது; அதாவது எங்கோ முட்டுகிறது. மாஸ்ரர் ஹான்டிலைப் பிடித்து நேராக்கினார். சத்தம் நின்றது. இடப்பக்கம் திருப்பினார். மீண்டும் சத்தம்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி, இரவிலை நான் இடப்பக்கம் திருப்பித்தான் ஹான்டிலைப் பூட்டிறனான். காலமை பூட்டைத் திறந்தாலும் சில்லு அப்பிடியே சாய்ஞ்சுதான் கிடக்கும். அதோடைதான் உதைக்கிறனான்" என்றார். கிளினிக் வீதிக்கு இடப்பக்கம் திரும்பும் சந்தியில் எஞ்சின் பலமுறை நின்றதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வேகம் குறைத்ததால் நின்றது என்று நினைத்திருந்தாராம். கராஜில் மெக்கானிக் சீற்றில் இருந்து, ஹான்டிலை நேராகப் பிடித்து உதைத்திருக்கிறார். ஆகவே எந்தப் பாகத்தை மாற்றினாலும் ஸ்ரார்ட் ஆகியிருக்கிறது. அவர் மாஸ்ரரை ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. அவர் கண்முன்னே கோளாறு ஒருமுறைகூடத் தலைகாட்டவில்லை.

ஹான்டில் கழுத்துக்குள் வயர் ஒரு இரும்பு விளிம்பில் உரசி, ஒரு நெல்மணி அளவுக்குத் தோல் உரிந்திருந்தது. ஒரு சாண் புதிய வயரும் அதன்மேல் ஒரு ரப்பர்க் குழாயும் போட்டோம். மாற்றிக் கழற்றிய பழைய கொயிலையும் கொண்டென்சரையும் மாஸ்ரர் எறியவில்லை. இரண்டும் நல்லவை என்று இப்போது தெரியும். கடதாசியில் சுற்றி, "நல்லது" என்று எழுதி, ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்.

கராஜுக்குப் போகும்போது "ஸ்ரார்ட் ஆகுதில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போது ஆகவில்லை, சூட்டிலா குளிரிலா, மழையிலா வெயிலிலா, நேராக நிற்கும்போதா திரும்பும்போதா என்று கவனித்துச் சொல்லுங்கள். அதைத் தெரிந்திருப்பவர் ஸ்கூட்டரை ஓட்டுபவர் மட்டும்தான்.

இப்போது காலை ஐந்தரைக்கு எங்கள் ஒழுங்கையில் முதலில் கேட்பது கோவில் மணிதான். அதற்குப் பிறகு ஒரு உதை, சில நாட்களில் இரண்டு.